கேள்வி பாடத்துக்குப் பிந்தியது அல்ல

"முதல்ல அடிப்படையைப் படிக்கட்டும் சார், கேள்வியெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்." பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் டியூஷன் வாசலிலும் இதைக் கேட்காதவர்கள் குறைவு. அரசுப் பள்ளியில் சொல்கிறார்கள். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளியிலும் சொல்கிறார்கள். சொல்பவர்களுக்குப் பிள்ளைகள்மீது அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. அக்கறையோடு சொல்லப்படுவதால்தான் இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. எதிர்த்துப் பேசியாக வேண்டும். குழந்தைகளுக்கு இயல்பாக இருக்கும் அறிவியல் ஆர்வத்தை நம் பள்ளிகளில் இந்த ஒரு கருத்து அழித்த அளவுக்கு வேறெதுவும் அழிக்கவில்லை.

அந்த "அப்புறம்" எப்போது வருகிறது என்று பாருங்கள். ஆறாம் வகுப்பில் கேட்டால், பத்தாவது முடியட்டும் என்கிறோம். பத்தாவதில் கேட்டால், பன்னிரண்டாவது முடியட்டும். பன்னிரண்டாவதில், நீட் முடியட்டும். அதற்குள் அந்தப் பிள்ளை கேட்பதையே விட்டிருக்கும். பதினோராம் வகுப்புப் பாடத்தை அப்படியே தாண்டிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் தமிழ்நாட்டில் இருந்தன. அந்தப் பழக்கத்துக்கு முடிவுகட்ட 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. அடிப்படை முக்கியம் என்று சொல்லிக் கேள்வியை ஒத்திப்போட்ட அதே ஏற்பாடு, மதிப்பெண்ணுக்காக அடிப்படையையும் தூக்கி எறிந்தது.

ஆனாலும் இந்தக் கருத்தை அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றும் தெரியாத பிள்ளை என்ன கேட்டுவிடும்? விஷயம் தெரிந்தால்தானே கேட்கத் தெரியும்? அஸ்திவாரம் போட்ட பிறகுதானே மாடி கட்ட முடியும்? இந்த வாதத்துக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கேள்வியே இல்லாமல் போடப்பட்ட அஸ்திவாரமும் உறுதியாக நிற்கும் என்ற நம்பிக்கை. அது நிற்பதில்லை.

ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் புரூவர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 60 பள்ளிக் குழந்தைகளிடம் பூமியின் வடிவத்தைப் பற்றிப் பேசி, 1992இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். பூமி உருண்டை என்று அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழந்தைகளும் அப்படியே சொன்னார்கள். நேராக நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேர்வாய், ஓரம் வருமா, விழுந்துவிடுவாயா என்று மேற்கொண்டு கேட்டபோதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. சில குழந்தைகளின் மனத்தில் பூமி ஒரு வட்டத் தட்டு. சிலருக்கு அது உள்ளே குடைந்த பந்து, நாம் அதன் உள்ளே தட்டையான தரையில் நிற்கிறோம். சிலருக்குப் பூமிகள் இரண்டு: காலுக்குக் கீழே தட்டையாக ஒன்று, வானத்தில் உருண்டையாக இன்னொன்று. சொல்லிக்கொடுத்த விடையைத் தாங்கள் கண்ணால் கண்ட உலகத்தோடு எப்படியாவது பொருத்திக்கொள்ள அந்தக் குழந்தைகள் பட்ட பாடு இது. "உருண்டை என்றால் கீழே இருப்பவர்கள் ஏன் விழவில்லை?" என்று ஒரு குழந்தை கேட்க இடம் கிடைத்திருந்தால், இரண்டாவது பூமி ஒன்றைப் படைக்க வேண்டிய தேவை அதற்கு இருந்திருக்காது.

இது சின்ன வயதோடு போய்விடுவதில்லை. 1987இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் கேமராவோடு போய், பருவகாலம் ஏன் மாறுகிறது, நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது என்று 23 பேரிடம் கேட்டார்கள். 21 பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்பது அவர்களில் பலர் சொன்ன காரணம். நம் ஊரிலும் பட்டம் பெற்றவர்கள் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிக் குளிரில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில். இரண்டுக்கும் ஏறக்குறைய 50 லட்சம் கிலோமீட்டர் வித்தியாசம். "அப்படின்னா மார்கழியிலதானே வெயில் கொளுத்தணும்?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால், தூரம் என்ற விடை அங்கேயே விழுந்துவிடும். அச்சின் சாய்வைப் பற்றிய பாடத்துக்கு அப்போதுதான் வேலை வரும். கேள்வி எழாத பிள்ளைக்கு 23.5 பாகை என்பது தேர்வில் நிரப்பவேண்டிய ஓர் எண்.

நண்பகலில் சூரியன் உச்சியில் இருக்கும், நிழல் காலடியில் விழும் என்று சின்ன வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம். டெல்லியில் இது ஆண்டின் எந்த நாளிலும் உண்மையில்லை. கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் அந்த ஊரில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதே கிடையாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு நாட்களில் மட்டும் உண்மை. சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 18ஐ ஒட்டி ஒரு நாள். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும். "நிஜமாவே 12 மணிக்கு நிழல் இருக்காதா மிஸ்?" என்று கேட்கும் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பி ஒரு குச்சியை நடச் சொல்லுங்கள். நிழல் எல்லா நாளும் ஒரே நீளத்தில் இல்லை என்பதை அது பார்க்கும். ஏப்ரல் மாதச் சென்னையில் நிழல் மிகக் குறுகுவது கடிகாரத்தின் 12 மணிக்கு அல்ல, சில நிமிடம் கழித்து என்பதையும் பார்க்கும். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது, சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது என்ற செய்தி அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படும். இதற்குப் பிறகு வரும் கேள்வி இன்னும் பெரிது. ஏப்ரலில் உச்சியில் நின்ற சூரியன் ஆகஸ்டிலும் உச்சியில் நிற்கிறது, அப்படியானால் ஆகஸ்டில் ஏன் கத்திரி வெயில் இல்லை? விடை தேடிப் போனால் தரை சூடேற எடுக்கும் காலம், தென்மேற்குப் பருவக்காற்று, மேகம் என்று புவியியல் பாடம் முழுவதும் வந்து நிற்கும். இந்தப் பிள்ளைக்கு முதலில் எது வந்தது, அடிப்படையா கேள்வியா?

அடுத்து வரும் வாதம் என்னை அதிகம் வருத்துவது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கலாம், படிக்காத வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதலில் விஷயத்தைப் புகட்டியாக வேண்டும் என்பார்கள். சமூகநீதிப் பேச்சுபோல ஒலிக்கும் இந்த வாதம், ஏழைப் பிள்ளை வெறும் தலையோடு வருகிறது என்று நம்புகிறது. லண்டனில் நான்கு வயதை ஒட்டிய 30 சிறுமிகளின் பேச்சை வீட்டிலும் மழலையர் பள்ளியிலும் பதிவுசெய்து, பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் இருவரும் 1984இல் ஒரு நூல் எழுதினார்கள். வீட்டில் ஒரு சிறுமி மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்டாள். பள்ளியில் அதே சிறுமி கேட்டது மணிக்கு 2. அவர்களில் பாதிப்பேர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களும் அம்மாவிடம் கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள், விளக்கம் பெற்றார்கள். பள்ளிக்குள் நுழைந்ததும் அதிகம் ஒடுங்கியவர்கள் அந்தச் சிறுமிகளே. ஆய்வு நம் ஊரில் நடந்ததல்ல என்று ஒதுக்குபவர்கள், ஒரு கடலோரக் குப்பத்துப் பிள்ளையோடு அரைமணி பேசிப் பார்க்கட்டும். கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றுகளைப் பெயர் சொல்லிப் பிரிக்கத் தெரிந்த பிள்ளை அது. காற்று ஏன் திசை மாறுகிறது என்ற கேள்வி அதன் வீட்டுப் பிழைப்போடு கலந்த கேள்வி. அதற்கு அடிப்படை இல்லை என்று எந்த முகத்தோடு சொல்கிறோம்?

இந்தக் கருத்து ஒரு மாணவனை என்ன செய்யும் என்பதற்கு முழுமையாகப் பதிவாகியிருக்கும் சாட்சி ஒன்று உண்டு. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் அனைத்திலும் அதைப் படிக்கவைக்க வேண்டும் என்பேன்.

1963. பின்னாளில் தான்சானியாவாக ஆன டாங்கனிகாவில், மகாம்பா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி. மாணவர்கள் பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து, ஆறவைத்து, உறைபெட்டியில் வைத்து ஐஸ்கிரீம் செய்வது வழக்கம். உறைபெட்டியில் இடம் பிடிக்கப் போட்டி. எரஸ்டோ எம்பெம்பா என்ற மாணவன் இடம் போய்விடுமே என்று தன் பாலை ஆறவைக்காமல் சூடாகவே உள்ளே வைத்தான். பக்கத்தில் இன்னொருவன் காய்ச்சாத பாலை வைத்தான். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் எம்பெம்பாவின் பால் உறைந்திருந்தது, மற்றது உறையவில்லை. இயற்பியல் ஆசிரியரிடம் ஏன் என்று கேட்டான். அப்படி நடக்காது, நீ குழம்பிவிட்டாய் என்றார் அவர். அந்த விடையை அவன் ஏற்றுக்கொண்டான். பிறகு டாங்கா நகரத்தில் ஐஸ்கிரீம் செய்து விற்கும் நண்பன் ஒருவனைச் சந்தித்தபோது, சூடாக வைத்தால் சீக்கிரம் உறையும், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம் என்றான் அவன். வகுப்பறை நடக்காது என்றதைத் தெருவில் பிழைப்பாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

எம்பெம்பா மேல்நிலைப் படிப்புக்கு இரிங்கா நகரத்துக்குப் போனான். அங்கே நியூட்டனின் குளிர்தல் விதி பாடம் வந்தது. மறுபடியும் கேட்டான். இது உலகத்தின் இயற்பியல் அல்ல, எம்பெம்பாவின் இயற்பியல் என்று ஆசிரியர் கேலி செய்தார். அதன்பின் அவன் செய்த தவறு எதுவானாலும் வகுப்பே அந்தச் சொல்லால் அவனைக் குத்தியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவனுக்கு அடிப்படை தெரியாமல் இல்லை. அந்த விதியைப் படித்ததால்தான் கேள்வி கூர்மையானது. சூடான பால் குளிர்ந்துகொண்டே வரும்போது, மற்றப் பால் தொடங்கிய வெப்பநிலையை ஒரு கட்டத்தில் கடந்தாக வேண்டும். அப்படியென்றால் அது எப்படி முந்த முடியும்? முந்துகிறது என்றால், உறைவதைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும் இல்லையோ? ஆவியாதலோ, கரைந்திருந்த வாயுக்களோ, நீருக்குள் நடக்கும் சுழற்சியோ காரணமாக இருக்குமோ? விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்ற கேள்வி அது. அதைக் கேட்க முறையாக அடிப்படை படித்த மாணவனையே அடிப்படையைச் சொல்லி வாயடைத்தார்கள். படித்தபின் கேட்கலாம் என்ற வாக்குறுதி என்ன ஆனது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் விரிவுரையாளர் அந்தப் பள்ளிக்குப் பேச வந்தார். எம்பெம்பா அதே கேள்வியை அவரிடமும் கேட்டான். தோழர்கள் சிரித்தார்கள். ஆஸ்போர்னுக்கும் அது தவறாகவே பட்டது. ஆனாலும் சோதித்துப் பார்க்கிறேன் என்று சொன்னார், சொன்னபடி ஆய்வகத்தில் செய்தும் பார்த்தார். 1969இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. இன்று அந்த விளைவுக்கு எம்பெம்பா என்றே பெயர். அது உண்மையில் நடக்கிறதா, எந்தச் சூழலில் நடக்கிறது என்று இயற்பியலாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். 2016இல்கூட அதை மறுத்து ஓர் ஆய்வு வந்தது. எம்பெம்பா சொன்னது தவறு என்றே நாளை முடிவானாலும், அவன் கேட்டது சரியான கேள்விதான். எளிய பொருள்களை வைத்துச் சோதிக்கக்கூடிய கேள்வி, சோதித்தால் ஏதாவது ஒன்றை நமக்குக் கற்றுத்தரும் கேள்வி.

கல்வி ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் இங்கே ஓர் உண்மையான ஆட்சேபணையை வைப்பார்கள். பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை அவர்கள் கையில் இருக்கும். புதிதாகக் கற்பவரைச் சரியான வழிகாட்டல் இல்லாமல் தானே கண்டுபிடி என்று விட்டால் திணறிப்போவார், ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது சொற்பம், அதனால் தெளிவாக விளக்கிச் சொல்வதே பலன் தரும் என்பது அவர்கள் வாதம். அதை நான் ஏற்கிறேன். பிள்ளைகளைக் காட்டில் விட்டதுபோல் விடுவதற்கு நான் வாதாடவில்லை. ஆனால் அவர்கள் எதிர்த்தது வழிகாட்டல் இல்லாத கற்பித்தலை. கேள்விக்கு இடம் கொடுப்பதும் வழிகாட்டலைக் கைவிடுவதும் ஒன்று என்று எண்ணுவதுதான் பிழை. கேள்வி எழுந்த இடத்தில் சொல்லப்படும் தெளிவான விளக்கம் தங்கும். எழாத இடத்தில் சொல்லப்படுவது பூமியை இரண்டாக்கும்.

இரண்டும் சேர்ந்து நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே முப்பது ஆண்டுச் சான்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972இல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையம் என்ற இரு அமைப்புகள் தொடங்கின. டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982 முதல் ஏகலவ்யா அமைப்பு நடத்தியது. வயல்காட்டுப் பிள்ளைகள் நால்வர் நால்வராகச் சேர்ந்து, எளிய கருவிகளை வைத்துச் சோதனை செய்து, கண்டதைத் தாங்களே எழுதினார்கள். "பால வைஞானிக்" என்ற பாடநூல் ஒவ்வொரு சோதனைக்கும் படிப்படியாக வழிகாட்டியது. ஆசிரியர்களுக்குத் தொடர் பயிற்சி இருந்தது. தேர்வுக் கூடத்துக்குள் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரம். தோன்றிய எந்தக் கேள்வியையும் பிள்ளைகள் அவருக்குக் கடிதமாக எழுதலாம். அந்தக் கடிதங்களுக்குப் பதில் போனது. ஒரு கிராமத்துப் பிள்ளையின் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் எழுத ஆட்களை உட்காரவைத்த ஓர் ஏற்பாடு.

2002இல் மாநில அரசு அதை நிறுத்தியபோது ஏறக்குறைய 1000 பள்ளிகளில் அது நடந்துகொண்டிருந்தது. மாநிலம் முழுவதும் ஒரே பாடத்திட்டம் வேண்டும், பிள்ளைகள் போட்டியில் பின்தங்கிவிடுவார்கள் என்பன போன்ற பேச்சுகள் அதற்கு முன்னின்றன. நம் ஊரில் "போர்ஷன் முடிக்கணும்" என்று சொல்லப்படுவதன் அரசாங்க வடிவம் அது.

நேரம் இல்லை என்ற முறையீட்டை நான் அலட்சியம் செய்யவில்லை. நாற்பது பிள்ளைகள், முக்கால் மணி நேரம், அதற்கு நடுவில் பதிவேடுகள், அதிகாரிகளுக்குப் புள்ளிவிவரம். ஆனால் கேள்வி திருடுவதாகச் சொல்லும் நேரம் எவ்வளவு? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். ஆசிரியர் ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது ஒரு விநாடி அளவே. அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்கள் பேசினார்கள், பிள்ளைகள் தாமாகக் கேட்கும் கேள்விகளும் கூடின. மூன்று விநாடியால் எந்தப் போர்ஷனும் நின்றுபோவதில்லை.

மரியாதை போய்விடும் என்ற பயம் இதைவிட ஆழமானது. விடை தெரியாத கேள்வியைக் கேட்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று உட்காரவைத்துவிடுகிறோம். கேட்டது பெண் பிள்ளையானால் இன்னும் இரண்டு சொல் சேர்ந்து விழும். ஆஸ்போர்னுக்கு விடை தெரியாது. தெரியாததைச் சோதிக்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்ததால்தான் அவர் பெயரை இன்று மரியாதையோடு எழுதுகிறோம். எம்பெம்பாவைக் கேலி செய்த ஆசிரியருக்கு விதி நன்றாகத் தெரியும்.

இப்போது புதிதாக ஒரு வாதம் சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் விடை கைப்பேசியில் இருக்கிறது, பிள்ளை அங்கே தட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். 1921இல் சி.வி. ராமன் இங்கிலாந்து போய்த் திரும்பிய கடற்பயணத்தை இதற்குப் பதிலாக வைக்கிறேன். கடல் ஏன் நீலமாக இருக்கிறது? எந்தக் குழந்தையும் கேட்கும் கேள்வி. அன்றைக்கும் அதற்குத் தயாராக விடை இருந்தது, நோபல் பரிசு பெற்ற ரேலியின் விடை: ஆழ்கடலின் நீலம் வானத்தின் நீலம் பிரதிபலிப்பது. அன்று கைப்பேசி இருந்திருந்தால் அதைத்தான் காட்டியிருக்கும். ராமன் கப்பலின் மேல்தளத்தில் நின்று, பிரதிபலித்து வரும் ஒளியை மறைக்கும் நிக்கல் பட்டகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு போயிற்று, நீலம் போகவில்லை. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதினார். அங்கிருந்து தொடர்ந்த வேலைதான் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவாக முடிந்தது. கடலின் நீலத்துக்கு நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதும் பெரிய காரணம் என்று இன்று அறிவோம். ஆக, ராமனின் விடையும் அந்தக் கேள்விக்குக் கடைசி விடையாக இருக்கவில்லை. கைப்பேசி விடையைத் தரும். அந்த விடையைச் சந்தேகிக்கவும் சோதிக்கவும் பிள்ளைக்கு ஆசிரியர்தான் துணை நிற்க வேண்டும். தேசிய அறிவியல் நாளில் தெர்மாகோல் எரிமலையும் கடையில் வாங்கிய சார்ட்டும் வைத்துப் படம் எடுத்து அனுப்பும் பள்ளிகள், அந்த நாள் எந்தக் கேள்வியால் வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியில் தேர்வுக்கு வருகிறேன். தேர்வு மாறாமல் வகுப்பறை மாறாது என்று என்னை மறுப்பவர்கள் சொல்வது உண்மை. ஆகவே தேர்விலேயே கை வைப்போம். ஆறாம் வகுப்பு முதல் அறிவியல் வினாத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று: இந்த ஆண்டு படித்த ஏதேனும் ஒரு பாடத்தில், புத்தகத்தில் விடையில்லாத ஒரு கேள்வியை எழுது, அதைச் சோதிக்க என்ன செய்வாய் என்றும் எழுது. அடுத்த மாதமே கைடு புத்தகங்களில் மாதிரிக் கேள்விகள் பத்து அச்சாகிவிடும் என்பார்கள். ஆகும். அதனால்தான் அந்த ஐந்து மதிப்பெண்ணை எங்கோ இருக்கும் விடைத்தாள் திருத்தும் மையத்திடம் கொடுக்கக் கூடாது என்கிறேன். அதை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அந்தப் பிள்ளை ஆண்டு முழுவதும் என்ன கேட்டது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்திருக்கும் ஆசிரியருக்கு, கைடிலிருந்து வந்த கேள்வி எது, மைதானத்தில் குச்சி நட்டதிலிருந்து வந்தது எது என்று தெரியும்.